பன்னிரண்டரை மணி வயிற்றுவலி

அந்தப் பள்ளிக்கூடத்தில் மாடிக்குப் போக வேண்டுமானால் மனித மாண்பை மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. ஏழு படிகளில் ஏழு கொள்கைகளை ஒட்டியிருந்தார்கள். அடிப்படையான கொள்கை என்பதால் மனித மாண்புக்கு முதல் படி. அதற்கு மேல் பொதுநலன், தோழமை, ஏழைகளுக்கு முன்னுரிமை, உழைப்பின் மாண்பு, துணைமை, படைப்பைப் பேணுதல். அறுநூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளின் காலணி பட்டு, ஒரு மாதத்திலேயே மனித மாண்பில் 'மாண்பு' தேய்ந்துபோய் 'மனித' மட்டும் மிச்சமிருந்தது.

படிக்கட்டின் அடியில் இருந்த அறைதான் நோயறை. அதற்குப் பொறுப்பு பஞ்சக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. எந்தக் காயமானாலும் முதலில் பஞ்சைத் தேடுவாள் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் இது. வயது ஐம்பத்தாறு. முழங்கை வரை மடித்த சட்டை, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, பையில் ஒரு கத்தரிக்கோல். அவள் அறையில் இரண்டு கட்டில், ஒரு எடைக்கருவி, சுவரில் உயரம் அளக்கும் அளவுகோல், ஒரு மடக்குத் திரை. திரையில் மூன்று சட்டங்கள், ஆறு சக்கரங்கள். அதில் ஒரு சக்கரம் மட்டும் எலி கத்துவது போலக் கத்தும்.

திரை அவளுடைய சொந்தச் சொத்து. பள்ளிக்கு வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையில் துணைச் செவிலியாக இருந்தாள். அங்கே பழசென்று தூக்கிப் போட்டபோது, பேருந்து ஓட்டுநரான கணவரைக் கூப்பிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வேலையில் சேர்ந்த முதல் நாள் வார்டின் மூத்த செவிலி அவளுக்குச் சொன்ன முதல் பாடம்: 'முதல்ல திரை, அப்புறம் பாத்திரம்.' படுக்கையில் கிடப்பவருக்கு மலப்பாத்திரம் வைக்கும் முன் திரையை இழுத்துவிடு என்று அர்த்தம். திரையில்லாமல் வைத்தால், எவ்வளவு முட்டிக்கொண்டு வந்தாலும் மனிதர்கள் அடக்கிக்கொள்வார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு 'எனக்கு வரல' என்பார்கள். மூன்றாம் நாள் வயிறு வீங்கும். கூச்சம் பசியைவிடப் பலம் என்று பஞ்சக்கா படித்தது அங்கேதான். எந்தப் பயிற்சி முகாமிலும் இல்லை.

பயிற்சி முகாமுக்குப் போனவர் நன்னெறி ஆசிரியர். அவரைப் பள்ளி முழுவதும் சுற்றறிக்கை சார் என்றுதான் அழைக்கும். குடிநீர்க் குழாய் சொட்டினால் பிளம்பரைக் கூப்பிடும் முன் சுற்றறிக்கை விடுவார். குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும், சுற்றறிக்கை எல்லா வகுப்புக்கும் போய்த் திரும்பும். மற்றபடி நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாது. அதுதான் ஆபத்து. கெட்டவன் ஒரு கட்டத்தில் களைத்துப்போய் நிறுத்துவான். நல்லவருக்குக் களைப்பே வராது.

கத்தோலிக்கத் திரு அவையின் சமூகப் போதனையைப் பள்ளி வாழ்வில் கடைப்பிடிப்பது எப்படி என்று மூன்று நாள் முகாம். போகும்போது ஒரு பையோடு போனவர், வரும்போது நான்கு கோப்புகளோடும் சிவந்த கண்களோடும் வந்தார். மாதம் ஒரு கொள்கை என்று முடிவாயிற்று. முதல் மாதம் படைப்பைப் பேணுதல். பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று பிளாஸ்டிக் பலகையில் எழுதி வாசலில் கட்டினார்கள். இரண்டாம் மாதம் உழைப்பின் மாண்பு. துப்புரவுப் பணியாளர்களுக்கு மேடையில் பாராட்டு விழா நடந்தது. விழா முடிந்ததும் மேடையை அவர்களே கூட்டினார்கள்.

மூன்றாம் மாதம் ஏழைகளுக்கு முன்னுரிமை. இங்கேதான் வினை ஆரம்பித்தது.

அந்தப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு பள்ளியிலேயே. சமையலறை ஜன்னலுக்கு முன்னால் ஒரே வரிசை. அவர்களில் அறுபத்து நான்கு பேருக்கு இலவசம். யார் அந்த அறுபத்து நான்கு பேர் என்பது அலுவலகத்தில் ஒரு கோப்புக்கும், அந்தக் கோப்பைப் பூட்டும் எழுத்தருக்கும் மட்டும் தெரியும். இன்னொருவருக்கும் தெரியும், ஆனால் அவர் கோப்பைப் பார்த்ததில்லை. ஜன்னலில் நின்று பரிமாறும் கரண்டியம்மா. பதினைந்து வருடமாகத் தட்டை நீட்டும் கையைப் பார்த்தே அவர் தெரிந்துகொள்வார். அந்த மாதிரிக் கைகளுக்கு முதலில் ஒரு முட்டை, அதை மூடிச் சோறு, அதன் மேல் எல்லோருக்கும் போல இன்னொரு முட்டை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முட்டையை மறைக்கலாம். பதினைந்து வருடம் மறைத்தார். இதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை, அதற்கு ஒரு கொள்கையின் பெயர் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

சுற்றறிக்கை சார் ஒரே வரிசையைப் பார்த்தார். அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஏழைக்கு முன்னுரிமை என்று படியில் ஒட்டிவிட்டு, பசித்த பிள்ளையை வரிசையின் கடைசியில் நிற்க வைப்பதா என்று இதற்கென அமைத்த குழுவில் கேட்டார். நியாயமான கேள்வி. குழுவில் இருந்த ஐந்து பேரும் தலையசைத்தார்கள். அறுபத்து நான்கு பச்சை அட்டைகள் அச்சாகின. கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பச்சைக் கயிறு. அட்டையில் ஒரு மலர்ந்த பூ, கீழே பெரிய எழுத்தில்: 'என்னை முதலில் கவனியுங்கள்.'

அட்டைக்காரர்களுக்குத் தனி வரிசை. வரிசையின் தலையில் இரண்டு பூந்தொட்டிகள். அவர்களுக்கு முதலில் பரிமாற வேண்டும், ஒரு முட்டை கூடுதலாக, அதுவும் சோற்றின் மேல், எல்லோருக்கும் தெரியும்படி. அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் பகிர்தலைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கரண்டியம்மாவுக்கும் ஒரு சுற்றறிக்கை போயிற்று, இனிமேல் அட்டையைப் பார்த்துத்தான் முட்டை என்று. அறிவிப்புப் பலகையில் புகைப்படம் போட்டார்கள். அறுபத்து நான்கு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்கச் சொல்லித்தான் எடுத்தார்கள்.

திங்கட்கிழமை பன்னிரண்டரை மணிக்கு நோயறையில் நான்கு வயிற்றுவலி. செவ்வாய் பதினொன்று. வெள்ளிக்கிழமை இருபத்து மூன்று. கட்டிலில் குறுக்காக ஆறு ஆறு பேர், மிச்சம் பேர் தரையில். பஞ்சக்கா வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் பித்தளைக் குடம் மாதிரி நன்றாக இருந்தன. ஒரு மணி பத்து நிமிடத்துக்குச் சாப்பாட்டு நேரம் முடிந்ததும், இருபத்து மூன்று பேருக்கும் வலி ஒரே நேரத்தில் போயிற்று. இவ்வளவு நேரம் தவறாத நோயை அவள் மருத்துவமனையில் கூடப் பார்த்ததில்லை.

முதலில் அவளுக்குச் சமையல் மேல் சந்தேகம். நேரே போய்க் கரண்டியம்மாவிடம் எண்ணெய் எப்போது வாங்கியது என்று கேட்டுவிட்டாள். கரண்டியம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியைக் கீழே வைத்தால் சங்கதி பெரிது.

"ஏன் பஞ்சு, என் சோத்தத் தின்னவனுக்கா வயித்து வலி, தின்னாதவனுக்கா? அதப் பாத்துட்டு வந்து கேளு."

பஞ்சக்கா திரும்பி வந்து பார்த்தாள். தின்னாதவர்களுக்குத்தான். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலிருந்தும் ஒரு பச்சைக் கயிற்றின் நுனி எட்டிப் பார்த்தது. உள்ளே தள்ளத் தள்ள வெளியே வந்தது.

அந்த இருபத்து மூன்று பேரில் ஒருத்தி ஏழாம் வகுப்புச் சிறுமி. மூன்று இலக்கப் பெருக்கலை மனதிலேயே போட்டுவிடுவாள் என்பதால் வகுப்பில் அவளுக்குப் பெயர் கால்குலேட்டர். அம்மா ஒரு சலவைக்கூடத்தில் விரிப்பு வெளுக்கிறவர், அப்பா இல்லை. அவளுக்கு மூன்று தோழிகள். நான்கு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவார்கள். இவளுக்குச் சாப்பாடு இலவசம் என்பது அட்டை வரும் வரை அந்த மூவருக்கும் தெரியாது. மற்றவர்கள் ஒரு நாள் சாப்பிட்டு ஒரு நாள் வலியில் படுத்தார்கள். இவள் ஒரு நாளும் தவறவில்லை. மூன்று வாரம் தினமும் வந்து, கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, ஒன்று பத்துக்கு எழுந்து போனாள். பஞ்சக்கா தன் டப்பாவிலிருந்து பிஸ்கட் கொடுத்துப் பார்த்தாள். வயிற்றுவலிக்காரி எப்படி பிஸ்கட் சாப்பிடுவாள் என்று நியாயம் பேசி மறுத்துவிட்டாள்.

நான்காம் வாரம் செவ்வாய்க்கிழமை மாடிப்படி ஏறும்போது மயங்கி விழுந்தாள். விழுந்தது இரண்டாம் படியில், பொதுநலனில். மேலிருந்து விழாததால் நெற்றியில் ஒரு வீக்கத்தோடு போயிற்று. தூக்கிவந்து படுக்க வைத்து, கால்மாட்டில் தலையணையை வைத்து உயர்த்தி, சர்க்கரைத் தண்ணீர் புகட்டி, கண் திறந்ததும் பஞ்சக்கா முதல் வேலையாக அவளை எடைக்கருவியில் நிறுத்தினாள். போன முறை முப்பத்து நான்கு கிலோ. இப்போது முப்பத்தொன்று. வளருகிற வயதில் மூன்று கிலோ இறங்கியிருந்தது.

பஞ்சக்கா திரையை இழுத்துவிட்டாள். சக்கரம் கத்தியது.

"இப்ப சொல்லு. யாரும் இல்ல."

"வயிறு வலிக்குதுக்கா."

"அது பொய்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உன் வயித்துக்கும் தெரியும். கிண்டல் பண்றாங்களா?"

சிறுமி இல்லை என்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கிண்டல் பண்ணா பதிலுக்குப் பண்ணலாம்க்கா. யாரும் பண்ணல. எல்லாரும் ரொம்ப நல்லவங்களா ஆயிட்டாங்க. முன்னாடி என்கிட்ட கணக்கு கேட்டு சண்ட போடுவாங்க. இப்ப என்கிட்ட மெதுவா பேசுறாங்க. ஒருத்தி அவளோட பழைய பென்சில் டப்பாவ குடுத்தா. எங்கிட்ட டப்பா இருக்குக்கா."

பஞ்சக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். வார்டில் திரையில்லாத கட்டிலில் படுத்திருந்தவர்கள் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதே முகம் பன்னிரண்டு வயதில் இருந்தது, அவ்வளவுதான். அழுதால் கூட ஒரு கைக்குட்டையோடு முடிந்திருக்கும். இந்தப் பெண் அழுகிற ரகமும் இல்லை. தானாகத் தின்னாமலே இருந்து காரியத்தை முடித்துக்கொள்கிற ரகம். இன்னும் இரண்டு கிலோ இறங்கினால் படிக்கட்டில் எந்தக் கொள்கையின் மேல் விழுவாளோ.

அன்று மாலையே தலைமைச் சிஸ்டரின் அறைக்குப் போனாள். சிஸ்டர் முழங்கால் வலிக்காரர். வாரம் இரண்டு முறை நோயறைக்கு வந்து கட்டுப் போட்டுக்கொள்பவர். பஞ்சக்கா சொன்னதைக் கேட்டு அவர் முகம் வாடியது. ஆனால் அருகில் சுற்றறிக்கை சாரும் இருந்தார். சிஸ்டர் பேச வாயைத் திறக்கும் முன் அவர் கோப்பைத் திறந்துவிட்டார்.

பிரச்சினை அட்டையில் இல்லை, பிள்ளைகளின் மனநிலையில் இருக்கிறது என்று அவர் விளக்கினார். பெறுவதும் ஒரு கலையாம். அன்போடு கொடுப்பதைத் தாழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டுமாம். அதற்காக அந்த அறுபத்து நான்கு பேருக்கு மட்டும் ஒரு சிறப்பு வகுப்பு நடத்தலாம், தலைப்பு 'மகிழ்வோடு பெறுவோம்'. வேண்டுமானால் அட்டையில் பூவுக்குப் பதிலாகப் பட்டாம்பூச்சி போடலாம். ஆனால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மறைமாவட்டக் கல்விப் பொறுப்பாளர் பார்வையிட வருகிறார், பச்சை வரிசையைப் பார்க்கத்தான் வருகிறார், இப்போது நிறுத்தச் சொன்னால் எப்படி?

"அந்தப் பொண்ணு மூணு வாரமா மதியம் சாப்பிடல சார்," என்றாள் பஞ்சக்கா.

"அதுதான் நானும் சொல்றேன். முதல் ஆளா நிக்க வெச்சும் சாப்பிடலன்னா, அந்தக் குழந்தைக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு காயம் இருக்கும் பாருங்க."

சிஸ்டர் மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "குழு முடிவு பண்ணினது பஞ்சு. நான் ஒருத்தியா மாத்தினா சரியா இருக்காது. நீங்க எழுத்துல குடுங்க, அடுத்த கூட்டத்துல வைக்கலாம்." அடுத்த கூட்டம் அடுத்த மாதம். அதற்குள் தோழமை மாதம் வந்துவிடும்.

வெளியே வரும்போது சுற்றறிக்கை சார் அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது, படித்துப் பாருங்கள் என்றார். பச்சை அட்டை விதிமுறைகள், மொத்தம் பன்னிரண்டு.

பஞ்சக்கா வீட்டில் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு அதைப் படித்தாள். கணவர் சீருடையைக் கழற்றாமல் நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்களுக்கு உலகமே ஒரு பேருந்துதான். எதைச் சொன்னாலும் அதில் ஏற்றிவிடுவார்கள். அவள் விஷயத்தை முழுக்கச் சொன்னாள்.

"எங்க வண்டியில இலவச பாஸ்காரங்க நிறைய பேர் ஏறுவாங்க," என்றார் அவர். "யாருக்கும் ஒண்ணும் தெரியாது. ஏன்னா எல்லாருமே ஏதோ ஒண்ண காட்டிட்டுத்தான் ஏறணும். காசுக்காரனும் சீட்டக் காட்டணும். உங்க சார் என்ன பண்ணாரு, பாஸ்காரனுக்கு மட்டும் கழுத்துல மணி கட்டிட்டாரு."

"மணிய அவுக்க விடமாட்டேங்கறாரு."

"அப்ப எல்லாருக்கும் கட்டு," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அவர் அதோடு அதை மறந்துவிட்டார். பஞ்சக்கா மறக்கவில்லை. குக்கர் மூன்று விசில் அடித்து நான்காவதும் அடித்தது. அவள் மூன்றாம் விதியிலேயே நின்றிருந்தாள்.

மூன்றாம் விதி துணைமைக் கொள்கைக்காகப் போட்டது. கீழே இருப்பவரால் முடிவெடுக்கக் கூடிய காரியத்தை மேலே இருப்பவர் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்பதுதான் துணைமை. அந்தக் கொள்கைக்கும் எங்காவது இடம் கொடுத்தாக வேண்டுமே என்று சுற்றறிக்கை சார் எழுதியிருந்தார்: 'ஊட்டம் தேவைப்படும் எவரையும் நோயறைப் பொறுப்பாளர் நேரடியாகப் பரிந்துரைக்கலாம். பரிந்துரைக்கப்பட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் அட்டை வழங்கப்படும். இதில் குழு தலையிடாது.'

எவரையும் என்று எழுதியிருந்தது. எத்தனை பேர் என்று எழுதவில்லை.

"வேலைக்கு உலை வெச்சுடாத," என்றார் கணவர், கண்ணைத் திறக்காமலே. அவள் வேலை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற வேலை. அவருக்கு அடுத்த ஆண்டு ஓய்வு.

"விதியில இருக்கறதத்தான் செய்யப் போறேன்," என்றாள் அவள்.

பிள்ளைகளின் உயரம், எடை எடுப்பது வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிற வேலை. அடுத்த மாதம் எடுக்க வேண்டியதை அவள் மறுநாளே ஆரம்பித்தாள். வகுப்பு வகுப்பாக வந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் வரிசை. செருப்பைக் கழற்று, முதுகை நிமிர்த்து, மூச்சை விடு. எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டாள்.

"மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பசிக்குமா?"

எல்லோருக்கும் பசித்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் பத்தரைக்கே பசிக்கும் என்றான், அதையும் குறித்துக்கொண்டாள். மருத்துவரின் மகளுக்குப் பசித்தது. கார் வந்து இறக்கிவிட்டுப் போகிற இரட்டையர்களுக்கு இரண்டு மடங்கு பசித்தது. பஞ்சக்காவுக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. இருபத்திரண்டு வருடம் நோயாளியின் படுக்கையில் தொங்கும் தாளில் உள்ளதை உள்ளபடி எழுதியவள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் உயரம், எடை, பிறகு: 'பன்னிரண்டரை மணிக்கு ஊட்டம் தேவை.' இதைப் பொய் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

அடுத்த செவ்வாய்க்குள் பட்டியல் முடிந்தது. கால்குலேட்டர் தன் முறை வந்தபோது எடைக்கருவி மேல் நின்று, தாளை எட்டிப் பார்த்தாள். முன்னால் இருந்த பெயர்களுக்கு எதிரே எழுதியிருந்ததையும் பார்த்தாள். மனதில் பெருக்கிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

எழுத்தர் விதிமுறைக்கென்றே பிறந்தவர். அவரிடம் ஐந்நூற்று ஐம்பத்து நான்கு புதுப் பரிந்துரைகளும், ஆசிரியர்கள் இருபத்தேழு, கன்னியாஸ்திரிகள் நால்வர், காவலாளி, எழுத்தர் உட்பட இன்னொரு பட்டியலும் போயின. அவர் மூன்றாம் விதியை இரண்டு முறை படித்தார். கையெழுத்தைச் சரிபார்த்தார். தன் பெயருக்கு எதிரே இருந்ததைப் படித்துவிட்டு, உண்மைதான் என்பது போலத் தலையசைத்தார். குழுவைக் கேட்கலாமா என்று அருகிலிருந்தவர் சொன்னதற்கு, குழு தலையிடாது என்று எழுதியிருக்கிறதே என்றார். வியாழன் மாலைக்குள் எல்லா அட்டையும் அச்சாகிவிட்டது. பச்சைக் கயிறு தீர்ந்துபோய்க் கடைசி எண்பது பேருக்குச் சணல்.

சிஸ்டர் அன்று மாலை கட்டுப் போட நோயறைக்கு வந்தார். கையில் ஒரு பச்சை அட்டை.

"இதுல என் பேர் இருக்கு பஞ்சு."

"மத்தியானம் உங்களுக்குப் பசிக்காதா சிஸ்டர்?"

சிஸ்டர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சக்கா கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். ஒப்பந்தம் புதுப்பிப்பதைப் பற்றி ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். சிஸ்டர் எழுந்து, கதவு வரை போய், "கொஞ்சம் இறுக்கமா கட்டிட்டீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு நொண்டி நொண்டிப் போனார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை. கல்விப் பொறுப்பாளர் வந்தார். வயதான குருவானவர், சர்க்கரை நோய்க்காரர். காலையிலிருந்து மூன்று பள்ளிகளில் மூன்று வரவேற்புரைகளைக் கேட்டு வெறும் வயிற்றில் இருந்தார். சுற்றறிக்கை சார் அவரைப் பூந்தொட்டி அருகே நிறுத்தி, ஏழைகளின் வரிசை இதோ வருகிறது என்றார்.

வந்தது. வந்துகொண்டே இருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து விளையாட்டுத் திடல் வரை நீண்டு, படிக்கட்டைச் சுற்றி வளைந்து போயிற்று. எல்லோர் கழுத்திலும் பச்சை. எல்லோரும் தங்களை முதலில் கவனிக்கச் சொன்னார்கள். மற்ற வரிசை என்று ஒன்று இருந்த இடத்தில் ஒரு காகம் நின்றது. சுற்றறிக்கை சார் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அதிலிருந்து எதுவும் வெளிவரவில்லை.

"இதுல ஏழைப் பிள்ளைங்க எது?" என்று கேட்டார் பெரியவர்.

சிஸ்டர் தன் அட்டையை எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டார். "எல்லாருக்கும் பன்னிரண்டரைக்குப் பசிக்கும்னு நோயறையில இருந்து எழுத்துல குடுத்திருக்காங்க, ஃபாதர்."

"எனக்குப் பதினொண்ணுல இருந்தே பசிக்குது," என்றார் பெரியவர். "நான் எங்க நிக்கணும்?"

அவருக்கும் ஒரு சணல் அட்டை கிடைத்தது. எட்டாம் வகுப்புக்காரர்களுக்கு நடுவில் நின்றார்.

இதையெல்லாம் பஞ்சக்கா நோயறை வாசலிலிருந்து பார்த்தாள். அவளுக்குப் பெரியவரும் முக்கியமில்லை, சுற்றறிக்கை சாரும் முக்கியமில்லை. ஏழாம் வகுப்பு வரிசையைத் தேடினாள். நான்கு தோழிகள் ஒன்றாக நின்றார்கள். நான்கு கழுத்திலும் அட்டை. ஒருத்தி ஏதோ கணக்கைத் தப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். கால்குலேட்டர் அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவளும் பதிலுக்குத் திட்டினாள். மெதுவான பேச்சு எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வந்ததும் தட்டை நீட்டினாள்.

கரண்டியம்மாவுக்கு அன்று காலையிலேயே ஒரு சிக்கல். அட்டை பார்த்து முட்டை என்றால் அறுநூற்றுச் சொச்சம் கூடுதல் முட்டைக்கு எங்கே போவது? அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பழையபடி கையைப் பார்த்தார். முதலில் ஒரு முட்டை, அதன் மேல் சோறு, அதன் மேல் இன்னொன்று. சிறுமி தட்டை வாங்கிக்கொண்டு மேசைக்குப் போனாள். நோயறைப் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. பசித்தவள் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

அந்த அட்டைகள் பத்து நாள் தாக்குப் பிடித்தன. பிறகு கோடு போடவும், புத்தகத்தில் அடையாளம் வைக்கவும், தள்ளாடும் மேசைக்கு அண்டை கொடுக்கவும் போயின. கயிற்றில் காவலாளி சாவிகளைக் கோர்த்துக்கொண்டார். பூந்தொட்டிகள் வாசலுக்குத் திரும்பின. சுற்றறிக்கை சார் இரண்டு நாள் உடம்பு சரியில்லை என்று விடுப்பில் இருந்துவிட்டு, எட்டுப் பக்க அறிக்கையோடு வந்தார். ஏழைகளுக்கு முன்னுரிமைத் திட்டம் நூறு விழுக்காடு மாணவர்களைச் சென்றடைந்த ஒரே பள்ளி என்று அதில் இருந்தது. இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

பஞ்சக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் நல்ல காரியம் செய்தவரைச் சும்மா விட்டுவிடுகிற வழக்கம் எந்தக் குழுவுக்கும் கிடையாது. நோயறைக்கு மதியத்தில் ஆளே வருவதில்லை என்று புள்ளிவிவரத்தில் தெரிய வந்தது. இருபத்து மூன்று பேர் வந்த இடத்தில் ஒருவரும் இல்லையென்றால் அவ்வளவு பெரிய அறை எதற்கு? பாதியைத் தடுத்து, தோழமை மாதப் பதாகைகளை அடுக்கி வைத்தார்கள். ஒரு கட்டிலும் போயிற்று. திரையையும் பதாகை மாட்டக் கேட்டார்கள். அது என் சொந்தப் பொருள் என்று சொல்லிவிட்டாள். தோழமைக்கு வேறு கம்பு பார்த்துக்கொள்ளட்டும்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு நாள் மதியம் ஒன்றரை மணிக்குக் கால்குலேட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"வலிக்குதுக்கா."

பஞ்சக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து இருபது நிமிடம். வயிற்றை அமுக்கினாள். பறை மாதிரி விண்ணென்று இருந்தது.

"என்ன சாப்பிட்ட?"

சிறுமி வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. "எனக்கு அடியில ஒரு முட்ட இருந்துச்சு. அவங்க மூணு பேரும் முட்ட வேணாம்னாங்க. எல்லாத்தையும் நான் தின்ன முடியுமான்னு போட்டி வெச்சோம்."

"மொத்தம் எத்தன?"

கூட்டிப் பார்க்க அவளுக்கு நேரமே ஆகவில்லை. "அஞ்சு."

பஞ்சக்கா அவளை எடைக்கருவியில் நிறுத்தினாள். முப்பத்து மூன்றரை. சாப்பிட்ட ஐந்து முட்டையைக் கழித்தாலும் முப்பத்து மூன்றுக்குக் குறையாது. வெந்நீர் ஒரு டம்ளர் கொடுத்து, இருந்த ஒற்றைக் கட்டிலில் படுக்கச் சொல்லிவிட்டு, பதிவேட்டை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'அதிகம் சாப்பிட்டது' என்று எழுதினாள். அந்தப் பதிவேட்டில் அந்த வருடம் வந்த முதல் உண்மையான வயிற்றுவலி அது. தேதியை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, பஞ்சு தீர்ந்துவிட்டதா என்று அலமாரியைத் திறந்து பார்க்கப் போனாள்.